அல்ஹாஜி அரோவோலோவின் ஏழாம் அத்தியாயம்

இபாடான் நகரத்தில் மோகோலாப் பக்கம் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இபிரோங்கே டீச்சரைத் தெரியாமல் இருக்க வழியில்லை. பெண்கள் பள்ளியில் வாழ்நாளெல்லாம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு யாராவது வந்தபடியே இருந்தார்கள். கையில் ஒரு புத்தகம் இருக்கும். பளபளப்பான அட்டை, அதில் ஒரு மூளை, மூளைக்குள் எரிகிற பல்பு. "டீச்சர், இந்தக் கணக்குப் புத்தகத்தக் கடையில ரொம்பப் புகழ்ந்தாங்க. புள்ளைக்கு வாங்கலாமா?" என்று கேட்பார்கள்.

டீச்சர் முதல் பக்கத்தைத் திறக்க மாட்டார். முதல் பக்கத்தை எல்லாரும் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார்கள். நடுவில் எங்காவது பிரிப்பார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஒரு பக்கம் படிப்பார். பிறகு, செத்த எலியைப் பிடிப்பதுபோல முதுகைப் பிடித்துத் தூக்கி, வந்தவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இதப் படுத்துக்கிட்டே படிக்கலாம்."

"அப்ப நல்லதுதானே டீச்சர்?"

"படுத்துக்கிட்டே படிக்கிறது கணக்குப் புத்தகம் இல்ல. கணக்குப் புத்தகம்னா பாதிப் பக்கத்துல எழுந்து உட்காந்து பென்சில் தேடணும். இது தலைகாணிக்குப் பதிலா வெச்சுக்கலாம். அதுக்கும் அட்டை வழுக்கும்."

மோகோலாவில் புத்தகக் கடை வைத்திருந்தவர்கள் அவர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால் சில புத்தகங்களை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம்.

இந்த வெறுப்புக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. ஓக்போமோஷோவில் தச்சர் வீட்டில் பிறந்து, பல்கலைக்கழகக் கணக்கு வகுப்பில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்தவர் அவர். முதல் நாளே பேராசிரியர் அவரைப் பார்த்து, "நர்சிங் வகுப்பு அடுத்த கட்டடம்" என்றார். அதையெல்லாம் தாண்டி வேலையில் சேர்ந்ததும், முதல் சம்பளத்தில் டுக்பே சந்தைக் கடையொன்றில் ஒரு புத்தகம் வாங்கினார். கணிதத்தின் அழகைச் சாதாரண மனிதனுக்கும் காட்டும் என்று பின்னட்டை சொன்னது. அன்று மாலையே பென்சில் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசிப் பக்கம்வரை அந்தப் பென்சிலுக்கு வேலை வரவில்லை. கணித மேதைகள் யாரைக் காதலித்தார்கள், யார் பைத்தியமானார்கள், யார் துப்பாக்கிச் சண்டையில் செத்தார்கள் என்பது மட்டும் இருந்தது. கணக்கைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்ததும், "இது மிகவும் ஆழமானது, வாசகரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை" என்று எழுதியவர் நழுவிவிட்டார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளை பெண் கதையெல்லாம் சொல்லி, சோறு போடாமல் அனுப்பியதுபோல இருந்தது அவருக்கு. அந்தக் கோபம் அப்புறம் ஆறவே இல்லை.

அவர் கணவர் லானியோனு, மருந்துக் கடை நடத்தி ஓய்ந்தவர், நேர்மாறான மனிதர். எந்தப் புத்தகமும் அவருக்கு ஒன்றுதான். சாப்பாடு இருக்கிற இடத்துக்கு மட்டும் போவார்.

அல்ஹாஜி லாசிசி அரோவோலோவின் ஆட்கள் வந்தபோது அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார்.

அல்ஹாஜி அரோவோலோ யாரென்று இபாடானில் சொல்ல வேண்டியதில்லை. சாங்கோ முனையில் அவருடைய சிமெண்ட் கிடங்கு ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. லாரிகளின் நெற்றியில் எல்லாம் அவர் பெயர். பணம் வந்தது, இரண்டு முறை மெக்காவுக்குப் போய் வந்தாயிற்று, பட்டம் ஒன்றும் எங்கிருந்தோ வந்தது. இன்னும் வராதது ஒன்றே ஒன்று, நூலாசிரியர் என்ற பெயர். அதற்காக 'எண்கள் என் ஏணி' என்று ஒரு கணிதப் புத்தகம் போட்டிருந்தார். வெளியீட்டு விழாவில் புத்தகத்தைப் பற்றிப் பேச இபிரோங்கே டீச்சர் வர வேண்டும் என்று பொன்னெழுத்து அழைப்பிதழும், புத்தகமும், ஒரு கட்டுப் பெருவள்ளிக்கிழங்கும் அனுப்பியிருந்தார்.

டீச்சர் கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தை வைத்துக்கொண்டார்.

"ரோங்கே, கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் லானியோனு. "அதுல ஒரு தப்புக் கணக்கும் இல்லையே."

"போலு அப்பா," பிள்ளை பெயரைச் சொல்லித்தான் டீச்சர் கணவரைக் கூப்பிடுவார், "அந்தக் கிழங்கு வயித்துக்குள்ள போனா என் வாய் அடைச்சுக்கும். எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு தெரியலையா? ஊரெல்லாம் வாங்காதேன்னு சொல்ற கிழவி மேடையேறிப் பல்லக் காட்டுனா, அப்புறம் எவன் என்ன சொல்லுவான்?"

"அப்ப போக மாட்டியா?"

"போவேன். படிச்சுட்டுப் போவேன். அந்த ஹால்ல படிச்சுட்டு வர்ற ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்."

கரண்ட் போன சாயங்காலங்களில் வராண்டாவில் உட்கார்ந்து படித்தார். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி அவர் மூக்கால் விடுகிற சத்தம் கணவருக்குக் கேட்டது. முதல் அத்தியாயம் அன்னாசிப்பழத்தில் கணிதம். இரண்டாவது தேன்கூட்டில் கணிதம். மூன்றாவது, 'நண்பர்களைக் கூட்டுங்கள், பகைவர்களைக் கழியுங்கள், மகிழ்ச்சியைப் பெருக்குங்கள், துக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள்' என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. நான்காவதில் ஆசிரியர் பெரிய மனிதர்களோடு நிற்கிற படங்கள். ஐந்தாவது, பதினொன்றால் பெருக்கி விருந்தில் நாலு பேரை அசத்துவது எப்படி. ஆறாவதில், 'பகா எண்கள் முடிவில்லாதவை, ஏனெனில் அவற்றைப் படைத்த கடவுள் முடிவில்லாதவர்' என்று இருந்தது.

"கேளுங்க இத," என்று உரக்கப் படித்துக் காட்டினார் டீச்சர். "நிரூபணம் எழுதத் தெரியல, கடவுளக் கூப்பிட்டுக் கதவச் சாத்திட்டான். இதே லாஜிக்ல ஆட்டுக்கும் முடிவு கிடையாது, கொசுவுக்கும் கிடையாது. கடவுள்தானே படைச்சாரு."

"கொசு விஷயத்துல அவன் சொல்றது சரிதான்," என்றார் லானியோனு, காலைத் தட்டிக்கொண்டே.

ஏழாம் அத்தியாயத்தில் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து லானியோனு திரும்பிப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடிக்குள் கைவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த அத்தியாயம் சிறியது. ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் யொருபா மொழியில் எண்ணிப் பழகியவன். யொருபாக்காரன் நாற்பத்தைந்து என்று சொல்லும்போது கீழேயிருந்து ஏறிப் போவதில்லை. அறுபதில் போய் நின்றுகொண்டு, பத்தை விடுகிறான், அப்புறம் ஐந்தை விடுகிறான். அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இரண்டு கழித்தல் இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் பலகையில் நாற்பத்தைந்து என்று எழுதி, இதில் எத்தனை பத்து இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். பையன் எழுந்து, "ஒரே ஒரு பத்து சார், அதுவும் இல்லாத பத்து," என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. பிரம்படி விழுகிறது. ஆசிரியர் அவனை 'ஓலோடோ' என்கிறார். முட்டை மார்க் வாங்குகிறவன் என்று அர்த்தம். அந்தப் பெயர் அவன் பள்ளியை விட்டு ஓடும்வரை அவன் சட்டையைப்போல அவனோடு இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசியில் நூலாசிரியர் கேட்கிறார்: பையன் சொன்ன பதில் எந்த ஊர்க் கணக்கில் தப்பு? பிறகு பதினைந்திலிருந்து இருநூறு வரை சில எண்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் யொருபாக் காது எப்படிப் பிரிக்கிறது என்று எழுதிப் பாருங்கள் என்கிறார்.

டீச்சர் எழுதிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து வாயில் உருண்டுகொண்டிருந்த எண்கள். அவற்றை ஒருநாளும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு. சந்தையில் ஒரு கணக்கு, வகுப்பில் ஒரு கணக்கு, நடுவில் சுவர். முதல் வகுப்பில் யாரோ ஒருவர் அடித்து நொறுக்கிய பிள்ளைகள் உயர்நிலைக்கு வந்து அவர் முன்னால் கட்டைபோல உட்கார்ந்திருந்ததை அவர் நினைத்துப் பார்த்தார். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இத எவனோ நல்லா எழுதியிருக்கான்," என்றார். "அல்ஹாஜி இல்ல. எவனோ."

விழா ஒரு சனிக்கிழமை. ஹால் முழுக்க ஒரே பச்சைத் துணியில் உடுத்தியிருந்தார்கள். மேடையில் வெல்வெட் நாற்காலிகள், நடுவில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் கூடாரம்போல விரிந்த வெள்ளை அங்கியில் அல்ஹாஜி. தொழுகை, கீதம், தலைவருக்கு அறிமுகம், தலைவரை அறிமுகப்படுத்தியவருக்கு அறிமுகம். மேளத்தையே பேசவைக்கிற ஒரு மேளக்காரர் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவர் பாட்டனையும் புகழ்ந்துகொண்டிருந்தார். புத்தகங்கள் மேடையில் தங்கக் காகிதம் சுற்றிக் கிடந்தன. யாரும் பிரிக்கவில்லை. பிரிக்கிறதற்காக யாரும் வந்ததாகவும் தெரியவில்லை. லானியோனு சமையல் வாசனை வருகிற வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்.

டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, வணக்கமெல்லாம் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"எனக்குக் குடுத்த வேலை இந்தப் புத்தகம் எப்படி இருக்குன்னு சொல்றது. ஆறு அத்தியாயம் குப்பை. அன்னாசிப்பழத்துல கணக்கு இருக்குன்னு எழுதுனவர் அன்னாசிப்பழத்தையும் எண்ணல, கணக்கையும் போடல. பகா எண்ணப் பத்தி எழுதுனது என் மாணவி எழுதியிருந்தா வெளிய நிறுத்தியிருப்பேன். ஏழாவது அத்தியாயம் நல்லா இருக்கு. அதப் படிக்கணும். ஆனா அதுக்காக மீதியச் சுமக்க வேண்டியதில்ல. அதனால என் முடிவு, இந்தப் புத்தகம் வாங்குறதுக்கு இல்ல."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேளக்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். ஸ்பீக்கர் இரைந்தது. குப்பை என்ற இடத்தில் முன்வரிசைப் பெண்கள் இருவர் தலையாட்டினார்கள். டீச்சர் மைக்கை வைப்பதற்குள் விழாவை நடத்திய எம்.சி. பாய்ந்து பிடுங்கினார்.

"கேட்டீங்களா, இபாடான் மக்களே. நம்ம கணக்கு அம்மா என்ன சொன்னாங்க? இந்தப் புத்தகம் வாங்குறதுக்கு இல்ல. இதுக்கு விலையே கிடையாது. இத யாரால வாங்க முடியும்? அதனால நாம வாங்கப் போறதில்ல, நன்கொடை குடுக்கப் போறோம். முதல் பிரதிக்கு மேடைக்கு வாங்க, சீஃப்."

கைதட்டல் கூரையில் முட்டியது. சீஃப் பட்டமுள்ள பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, தன் பெயரிலும் மூன்று மனைவியர் பெயரிலும் ஒரு தொகை சொன்னார். கைதட்டல் இன்னும் கூடியது. டீச்சர் மேடையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்குக்கூட இவர்கள் லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சாப்பாட்டு வரிசையில் ஒல்லியான ஒருவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார். அடெடிரன், பாலிடெக்னிக்கில் கணிதம் எடுக்கிறவர். ஆசிரியர் கூட்டங்களில் பார்த்த முகம். தட்டில் ஜோலோஃப் சோறு குவிந்திருந்தது.

"டீச்சர், நீங்க பேசுனது எனக்குக் கேட்டுச்சு. அந்தப் புத்தகத்த எழுதிக் குடுத்தது நான்தான். மாசக்கணக்கா சம்பளம் வரல. காலேஜ் மூடிக் கிடந்துச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார் டீச்சர். குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். ஏழாவது அத்தியாயம் மாதிரி எழுதத் தெரிஞ்ச ஆளு மத்த ஆறையும் எப்படிய்யா அப்படி எழுதுன?"

அடெடிரன் தட்டைப் பார்த்தார்.

"அது மட்டும் நான் எழுதல டீச்சர். அவர் லாரில போறப்ப சொல்லிக்கிட்டே வந்தார், நான் எழுதிக்கிட்டேன். வேணாம் அல்ஹாஜி, படிச்சவங்க சிரிப்பாங்கன்னு எடுக்கப் பார்த்தேன். இது இல்லாம புத்தகம் வராதுன்னுட்டார். அன்னாசிப்பழம், பகா எண்ணு எல்லாம் என்னோடது."

டீச்சர் தட்டில் யாரோ மொய்ன்-மொய்ன் என்கிற அவித்த பயறுமாவுக் கட்டியை வைத்தார்கள். அதைச் சாப்பிடாமலேயே வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் கணவர் கோழியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் அல்ஹாஜி தனியாக வந்தார். டிரைவரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, சாதாரணச் சட்டையில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். லானியோனு குடிக்க ஒரு பாட்டில் மால்ட் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற மாதிரி நடந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"டீச்சரம்மா, நீங்க மேடையில சொன்னது எம்.சி.க்குத்தான் புரியல. எனக்கு நல்லாப் புரிஞ்சுது."

"புரியுற மாதிரிதான் பேசுனேன்."

"எட்டு மேசைக்கு அந்தப் பக்கம் என் பெரிய சம்சாரம் உட்காந்திருந்தா. அவளுக்கும் புரிஞ்சுது. வீட்ல வந்து சிரிச்சா." அல்ஹாஜி மால்ட்டைக் குடிக்காமல் பாட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அவ்வளவு குப்பையா?"

"ஆறு அத்தியாயம் குப்பை. அத நீங்க எழுதலன்னு கேள்விப்பட்டேன். அதனால உங்களுக்கு வெட்கம் ஆறு பங்கு குறைஞ்சுது. ஆனா காசு குடுத்து எழுத வெச்சீங்க பாருங்க, அந்த வெட்கம் முழுசா உங்களோடது."

கதவுக்குப் பின்னால் லானியோனு இருமினார்.

"உங்களுக்கு எதுக்கு அல்ஹாஜி கணக்குப் புத்தகம்? சிமெண்ட் பத்தி எழுத வேண்டியதுதானே?"

அல்ஹாஜி பாட்டிலைக் கீழே வைத்தார். "சிமெண்ட் பத்தி எவனும் என்ன ஓலோடோன்னு சொல்லலியே. என் பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன் ஒருத்தன் இப்ப என்கிட்ட மேனேஜரா இருக்கான். எல்லார் முன்னாடியும் பாஸ்னு கூப்பிடுவான். அவன் கண்ணுல அது தெரியும். நான் இன்னும் அந்தப் பெஞ்சுமேலதான் நிக்கிறேன். கனமா ஒரு கணக்குப் புத்தகம் போட்டு அவன் மேசைல வெக்கணும்னு ஆசை. கனமா இருக்கணும்ல?"

ஓலோடோ என்ற சொல்லை டீச்சர் எத்தனை பிள்ளைகள் தலையில் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதை அல்ஹாஜியிடம் சொல்லவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே ஏழாம் அத்தியாயத்தைப் பிடித்து இழுத்தார். நல்ல பைண்டிங். கிழிய நேரமாயிற்று.

"இத மட்டும் யொருபாவுல போடுங்க. நீங்க சொன்ன மாதிரியே. லாரில சொன்ன மாதிரி. படம் வேணாம், தங்கக் காகிதம் வேணாம்."

"இது ஒரு ரசீது புத்தகம் மாதிரி இருக்குமே டீச்சரம்மா. இதுக்கு ஹால் எடுத்தா ஊரு சிரிக்கும்."

"ஹால் எடுக்காதீங்க."

அல்ஹாஜி முகம் சுருங்க எழுந்து போனார். மால்ட்டை லானியோனு குடித்தார். திரும்ப வர மாட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் வந்தார். கையில் யொருபாவில் எழுதிய தாள்கள். தன் கையாலேயே எழுதியிருந்தார், எழுத்தெல்லாம் லாரிபோலச் சாய்ந்து. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். அப்புறம் பல சாயங்காலங்கள் அந்த வராண்டாவில் சண்டைதான். அல்ஹாஜி கதையை நீட்டுவார், டீச்சர் வெட்டுவார். பிரம்படிக்கு முழுப் பக்கம் வேண்டும் என்பார் அவர், அடி எல்லாருக்கும் தெரியும், எண்ணைச் சொல்லுங்கள் என்பார் இவர். இருநூறுக்கு மேலே பழைய சொற்கள் எப்படிப் போகின்றன என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்து, டுக்பே சந்தையில் மிளகாய் விற்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்து, அவர்களும் ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஒருமுறை அல்ஹாஜி, "நீங்க எங்க வாத்தியார விட மோசம்," என்று தாளை வீசிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பொறுக்கிக்கொண்டார்.

புத்தகம் மெல்லியதாக, சாக்குப் பழுப்பு அட்டையில் வந்தது. விழா இல்லை. கடைக்காரர்கள் வாங்கி வைத்துப் பார்த்தார்கள், யாரும் சீண்டவில்லை. யொருபாவில் கணக்குப் புத்தகமா, பரீட்சைக்கு உதவாதே என்று பெற்றோர் திருப்பி வைத்தார்கள். டீச்சரே கேட்டில் வந்து நின்றவர்களிடம் வாங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் தலையாட்டிவிட்டு மூளை படம் போட்ட புத்தகத்தை வாங்கிப் போனார்கள். வாங்காதே என்பதற்குக் கட்டுப்பட்டவர்கள் வாங்கு என்பதற்குக் கட்டுப்படவில்லை. டீச்சருக்கு ஊர்மீது இருந்த மதிப்பு, இருந்தது கொஞ்சம்தான், அதுவும் போயிற்று.

'எண்கள் என் ஏணி' மட்டும் ஊரெல்லாம் கிடைத்தது. சாங்கோவில் அக்காரா சுடுகிற பெண்கள் அதைக் கிழித்துத்தான் வடை மடித்துக் கொடுத்தார்கள். வழவழப்பான தாள் என்பதால் எண்ணெய் ஒழுகியது. அதற்கும் லாயக்கில்லை என்று டீச்சர் சொன்னார்.

மெல்லிய புத்தகத்தை என்ன செய்வது என்று தெரியாமல், அல்ஹாஜி தன் கிடங்கில் சிமெண்ட் லோடு வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுக்கச் சொன்னார். கேட்டதும் டீச்சர் கொதித்துப் போய் ஆள் அனுப்பினார். சிமெண்ட்டோடு இலவசமாகக் கொடுத்தால் எவன் மதிப்பான் என்று. அல்ஹாஜி பதில் சொல்லி அனுப்பினார்: "காசு குடுத்து வாங்குனவன் மட்டும் மதிச்சானா டீச்சரம்மா?"

இப்படியாக அது இபாடான் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஜன்னல் வைக்காத ஓட்டைகளில், தண்ணீர் டிரம் மூடிமேல், மண்வெட்டிக்குப் பக்கத்தில். சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார்கள் அதை எடுத்து, ஒருவர் எண் சொல்ல மற்றவர் பிரிக்க, தோற்றவன் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்கள். லானியோனுவின் தம்பி வீடு கட்டுகிற இடத்தில் டீச்சரே அதைப் பார்த்தார். பூசாத சுவரில் கரித்துண்டால் நூற்றுத் தொண்ணூற்றைந்தைப் பிரித்து எழுதியிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தார். இருநூறில் பத்தை விட்டு, அதிலிருந்து ஐந்தையும் விட்டிருந்தது.

"தப்பு," என்றார், யாரிடம் என்றில்லாமல். கரித்துண்டைத் தேடி எடுத்து, நடுவில் விட்ட பத்தை அடித்து, இருநூறில் ஐந்தை மட்டும் விடு என்று திருத்தினார். கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "பாட்டியம்மா, அது நாளைக்குப் பூசுற சுவரு," என்றார்.

"பூசு. அதுக்கு முன்னாடி சரியா இருக்கட்டும்."